காங்கிரஸ் செடியும் வாட்ச்மேன் பெரியவரும்

உடம்பில் எங்காவது அரிக்கிறது என்று போனில் சொன்னால் போதும், திருநெல்வேலியிலிருந்து அம்மாவின் முதல் கேள்வி, "தண்ணி மாத்திக் குடிச்சியா?" இரண்டாவது, "கத்திரிக்காய் தின்னியா?" மூன்றாவது கேள்வி கிடையாது. மருத்துவம் முடிந்தது :-)

பெங்களூர் வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருப்பதைத் தெரிந்துகொண்டேன். கண்ணைக் கசக்கினாலோ, தும்மினாலோ, கழுத்தைச் சொறிந்தாலோ பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார்: "பார்த்தீனியமா?" யாரோ சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் குடியேறிய பிறகுதான் ஆளை நேரில் பார்த்தேன். எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் விற்காமல் கிடந்த காலி மனை முழுக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. கேரட் இலைபோலப் பிரிந்த இலை, நுனியில் ஜவ்வரிசி தூவினதுபோல வெள்ளைப் பூக்கள். பார்க்க அழகாகவே இருக்கும். எங்கள் தோட்டக்காரர் இதைக் கன்னடத்தில் 'காங்கிரஸ் கிட' என்பார். கிட என்றால் செடி.

இந்தச் செடியின் கதையை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசலில் ஒரு வாட்ச்மேன் பெரியவர் இருந்தார். அரூர் பக்கத்துக்காரர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு பெங்களூர் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். இருபது வருஷம் சித்தாளாகவும் கம்பி கட்டுபவராகவும் இருந்துவிட்டு, இடுப்பு விட்டுப்போனதும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். தமிழ் பேச ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம். ஆபீஸ் போகும்போது "சார், ஊர்ல மழையா?" என்று கேட்பார். நானும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவேன்.

ஒரு மழைக்காலம் முடியும் சமயத்தில் அவர் முகம் மாற ஆரம்பித்தது. முதலில் கண் இமைகள் வீங்கின. பிறகு கழுத்து, காது மடல், முழங்கையின் உள்மடிப்பு. கறுத்தது, தடித்தது, செதில் செதிலாக உரிந்தது. ஆறேழு மாதத்தில் நெற்றியும் கன்னமும் தடித்து மடிப்பு விழுந்து முகமே வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டது. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் ஒருவர் சொன்னார், "குழந்தைகள் பயப்படுகிறார்கள்." இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "இது அதுவாக இருக்குமோ?" என்றார். 'அது' என்றால் எது என்று எல்லோருக்கும் புரிந்தது. குஷ்டம் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலையை விட்டு எடுக்க யாருக்கும் மனசில்லை, நல்லவர்கள்தானே நாங்கள்! அதனால் அவரைப் பின்பக்க கேட்டுக்கு மாற்றினோம். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று காலி மனையில் உள்ள செடிகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்யவும் சொன்னோம். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தோம் என்பது இரண்டு மாதம் கழித்து ஒரு தோல் டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு வருகிறேன். முதலில் செடி.

செடி வந்த கதை

பார்த்தீனியம் ஹிஸ்டரோபோரஸ் என்பது முழுப்பெயர். லின்னேயஸ் 1753ல் வைத்த பெயர். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதிகள்தான் அதன் சொந்த ஊர் என்று சொல்வார்கள். சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததற்குப் பதிவு உண்டு. ஆனால் ஊரைப் பிடிக்கக் கிளம்பிய செடியை 1955ல் பூனாவில் கவனித்தார்கள். தாவரவியலாளர் ஆர். எஸ். ராவ் 1956ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அதைப் பற்றி எழுதினார்.

எப்படி வந்தது? பெங்களூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "அமெரிக்கா கொடுத்த பி.எல்.480 கோதுமையில் வந்தது." எங்கள் வீட்டிலும் அந்தக் காலத்து ரேஷன் கோதுமையைப் பற்றித் தாத்தா அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது. கோதுமை வந்த காலத்தில் ஆண்ட கட்சியின் பெயர் செடிக்கு ஒட்டிக்கொண்டது என்று ஒரு விளக்கம். வெள்ளைப் பூ கதர்க் குல்லாய் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று இன்னொன்று.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் இடிக்கிறது. பி.எல்.480 சட்டத்தில் ஐசனோவர் கையெழுத்திட்டது 1954 ஜூலையில். அதன்கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். செடியோ 1955லேயே பூனாவில் நிற்கிறது! 1951ல் கடனாக வந்த அமெரிக்கத் தானியத்தோடு வந்திருக்கலாம் என்றால் பொருந்தும். பிறகு வந்த மூட்டைகள் அதை ஊர் ஊராகப் பரப்பியிருக்கலாம் என்றாலும் பொருந்தும். பி.எல்.480தான் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல மட்டும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1955ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இந்தச் செடி பதிவாகிறது. அங்கே பிற்பாடு இன்னொரு முறை டெக்சஸிலிருந்து வந்த புல் விதையோடு கலந்து வந்தது. நம் வவுனியாவில் 1999ல் அடையாளம் கண்டபோது, இந்திய அமைதிப்படைக்காக வந்த ஆடுகளோடு வந்தது என்று பேச்சு. எல்லா ஊரிலும் செடி வெளியூர்க்காரனோடுதான் வருகிறது. பெங்களூரில் பதினேழு வருஷமாக வெளியூர்க்காரனாக இருக்கும் எனக்கு அந்தப் பேச்சின் தொனி ரொம்பப் பழக்கம் :-)

முளைத்து ஒரு மாதத்தில் பூக்கும். ஒரே செடி 15,000 விதை வரை போடும். மாடு வாய் வைக்காது. பக்கத்தில் மற்ற செடியை வளர விடாத ரசாயனம் வேரிலும் இலையிலும் உண்டு. ஊர் வளர்ந்துகொண்டே போய், பாதி தோண்டிப் பாதி மூடிய மண் எங்கும் கிடக்கும் ஒரு நகரம் கிடைத்தால் கேட்க வேண்டுமா? பெங்களூர் அதற்கென்றே கட்டிவைத்த மாதிரி இருந்தது.

தோலில் நடந்த கதை

செடி பரவிய பத்துப் பதினைந்து வருஷத்தில் பூனாவில் தோல் டாக்டர்களிடம் ஒரே மாதிரி நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். பூனாவின் லோங்கர், வான்கூவரின் மிட்செல், லண்டனின் கால்னன் மூவரும் சேர்ந்து 1974ல் எழுதிய கட்டுரை இந்த நோயை உலகத்துக்குச் சொன்னது.

பெங்களூருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இங்கே டாடா இன்ஸ்டிட்யூட் என்று ஆட்டோக்காரர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், உயிர்வேதியியல் துறையின் பி. வி. சுப்பாராவும் அவரது குழுவினரும் 1970களில் இந்தச் செடியால் பாதிக்கப்பட்டவர்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். கனடாவின் நீல் டவர்ஸும் அதில் சேர்ந்துகொண்டார். குற்றவாளி 'பார்த்தெனின்' என்ற பொருள். அமெரிக்காவில் 1959லேயே செடியிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள்.

இது வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறேன். செடியின் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள். காய்ந்ததும் உடைந்து தூசியோடு தூசியாகக் காற்றில் பறக்கும். அதில் உள்ள பார்த்தெனின் தோலில் பட்டால் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்படித் திரும்பத் திரும்ப, பல மாதம், பல வருஷம் பட்டபின், சிலருக்கு உடம்பின் காவல்படை அதை எதிரி என்று குறித்துக்கொள்ளும். அதன் பிறகு துளி பட்டாலும் போதும், ஓரிரு நாளில் தோல் கொதிக்கும். ஒருமுறை குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. தும்மலும் மூக்கொழுகலும் இதே செடியின் மகரந்தத்தால் வருபவைதான், ஆனால் அது வேறு பாதை. சில நிமிஷத்தில் வந்துவிடும்.

தோல் நோய் யாருக்கு வருகிறது என்று பார்த்தபோது ஒரு சித்திரம் கிடைத்தது. பெரும்பாலும் ஆண்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள். விவசாயிகள், கட்டட வேலைக்காரர்கள், நாள் முழுக்க வெளியில் நிற்பவர்கள். குழந்தைகளுக்கு அபூர்வம்.

இங்கேதான் நாம் எல்லோரும் நம்பும் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. "வெள்ளைக்காரன் தோல் வேற, நம்ம தோல் வேற" என்று சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் ஒவ்வொரு முறை வரும்போதும் இதைச் சொல்வான். ஓரளவு உண்மைதான். நம் தோலில் உள்ள மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அதனால் குயின்ஸ்லாந்தின் வெள்ளைக்காரர்களை வாட்டும் தோல் புற்றுநோய் நமக்கு மிகக் குறைவு. அதே மெலனின் காரணமாக நமக்கு ஒரு கொசுக்கடி ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இவையெல்லாம் பிறப்போடு வரும் வித்தியாசம்.

ஆனால் பார்த்தீனியத்தின் குடும்பத்துச் செடிகளால் வரும் இந்த நோய் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே யாருக்கு வருகிறது? பண்ணையில் வேலை செய்யும், நடுவயது தாண்டிய, நாளெல்லாம் வெளியில் நிற்கும் ஆண்களுக்கு. குயின்ஸ்லாந்தின் சிவந்த தோல் பண்ணைக்காரரும் அரூரின் கறுத்த தோல் பெரியவரும் இந்த நோயில் அண்ணன் தம்பி. அதே பெங்களூரில், அதே பழுப்புத் தோலோடு, ஏ.சி. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெறும் தும்மல்தான். யார் எத்தனை வருஷம் எந்தக் காற்றில் நிற்க வேண்டியிருந்தது என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

நிறம் செய்கிற வேறொரு வேலை

அப்படியானால் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நோய் வருவதில் அல்ல, நோயைக் கண்டுபிடிப்பதில்.

தோல் அழற்சிக்கு மருத்துவப் புத்தகத்தின் முதல் அடையாளம் 'சிவத்தல்'. நம்மில் பலருக்குச் சிவக்காது. கருநீலமாகவோ சாம்பல் பூத்த கறுப்பாகவோ தெரியும். தோலை வகைப்படுத்த இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலை ஹார்வர்டின் ஃபிட்ஸ்பேட்ரிக் உருவாக்கியது 1975ல், பூனாக் கட்டுரைக்கு அடுத்த வருஷம். அப்போது அதில் நான்கே வகை, நான்கும் வெள்ளைத் தோலுக்கு. பழுப்புக்கும் கறுப்புக்கும் பிற்பாடுதான் ஐந்தாவதும் ஆறாவதும் இடம் கிடைத்தது. 2020ல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுத்த தோலில் நோய் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கையேடு கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் கதையே அதுவென்றால் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் எம்மாத்திரம்? வெள்ளைத் தோலில் சிவந்து வீங்கினால் 'அலர்ஜி' என்று சட்டெனத் தோன்றும். வெயிலில் நின்று ஏற்கெனவே கறுத்த ஒரு முகம் இன்னும் கறுத்துத் தடித்தால் நமக்குத் தோன்றுவது அழுக்கு, குடி, குஷ்டம்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாள்பட்ட பார்த்தீனிய நோயில் முகம் தடித்து மடிப்பு விழுந்து சிங்க முகம்போல ஆவதுண்டு. தொழுநோயிலும் அப்படி ஆவதுண்டு. ஆனால் பிரித்தறிய ஒரு சின்ன வழி இருக்கிறது. தொழுநோய் நரம்பைத் தாக்குவது. அதன் படைகளில் உணர்ச்சி குறையும். பார்த்தீனியத்தில் உயிர் போகிற மாதிரி அரிக்கும். பெரியவர் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தார். நடுராத்திரி கேப் வந்து இறங்கிய நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது தொழுநோயாகவே இருந்திருந்தாலும் நாங்கள் செய்தது சரியாகிவிடாது. அதற்குக் காரணமான கிருமியை ஹான்சன் கண்டது 1873ல், நார்வேயில். அங்கே அப்போது அது அவ்வளவு பரவலாக இருந்ததால் 1856லேயே நாடு முழுக்க நோயாளிப் பதிவேடு தொடங்கியிருந்தார்கள். அதுவும் எந்த நிறத்துக்கும் சொந்தமான நோயல்ல. கூட்டு மருந்தால் குணமாகும் நோய். இருந்தும் 1898ன் தொழுநோயாளர் சட்டம் நம் நாட்டில் 2016 வரை ஏட்டில் இருந்தது. விவாகரத்துக்குக் காரணமாகத் தொழுநோயைச் சொல்லலாம் என்பதை 2019ல்தான் நீக்கினார்கள்.

வண்டு

செடியை ஒழிக்க பெங்களூர் சும்மா இருக்கவில்லை. இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜெயந்த் குழுவினர் 1983ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து சோதித்து, 1984ல் பெங்களூரில் வெளியில் விட்டார்கள். சைகோகிராமா பைகலரேட்டா. புளியங்கொட்டையைவிடச் சின்னது, வெளிர் முதுகில் கறுப்புக் கோடுகள். நாலைந்து வருஷத்தில் பெருகி, ஊரைச் சுற்றிலும் பார்த்தீனியத்தை மொட்டையடித்தது. 1991ல் அது சூரியகாந்திப் பயிரிலும் தென்பட்டதும் விவசாயிகள் பயந்து பெரிய விவாதமானது. அரசு நிபுணர் குழு வைத்தது. சூரியகாந்தி இலையில் பார்த்தீனிய மகரந்தம் படிந்திருந்ததால்தான் வண்டு கொறித்தது என்ற விளக்கம் வந்து ஒருவழியாக அடங்கியது. கோடையில் வண்டு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். முதல் மழைக்குச் செடி முந்திக்கொள்ளும். இந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. மழைக்காலத்தில் காலி மனை ஓரம் குனிந்து பாருங்கள், வண்டைக் காணலாம்.

கடைசியாக, பெரியவர்

பின் கேட்டுக்குப் போன இரண்டே மாதத்தில் அவர் நிலைமை மோசமாகி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒருநாள் ராத்திரி கண் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் லீவு போட்டு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா அவர் முகத்தைக் கையால் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் கையால். அதைப் பார்த்ததும் பெரியவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண் இமை, காதின் பின்புறம், தாடையின் கீழ் எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "வெயிலால் மட்டும் வந்திருந்தால் இந்த இடமெல்லாம் தப்பியிருக்கும். இது காற்றில் வருவது. காற்றுக்கு நிழல் கிடையாது." முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைத் தோல் கொஞ்சம் ஆறிய பிறகு செய்தார்கள். பார்த்தீனியம் ஒட்டிய இடம் புடைத்துக்கொண்டு நின்றது.

"எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

"ஊருக்கே போயிடறேன் சார், அங்க போனா சரியாயிடுமா?" என்று கேட்டார் பெரியவர். சரியாகாது. அரூர்ப் பக்கமும் ரோட்டோரம் எல்லாம் அதே செடிதான். களிம்பும், நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் அசாதயோப்ரின் மாத்திரையும் கொடுத்து, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். முக்கியமான மருந்து, செடியை விட்டு விலகி இருப்பது.

அடுத்த மீட்டிங்கில் இந்த முறை நான் பேசினேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். முன்பு குரலைத் தாழ்த்திப் பேசியவர்தான் முதலில், "ஐயோ, நாமே கொண்டுபோய் அதுக்குள்ள உட்கார வச்சிட்டோமே" என்றார். தரைத்தளத்தில் பார்சல்கள் வாங்கி வைக்கும் அறைக்கு அவரை மாற்றினோம். காலி மனையைக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்ட ஆட்களை வைத்து, பூப்பதற்கு முன்பே சுத்தம் செய்ய ஏற்பாடானது. ஆயுத பூஜைக்கு சாமந்தி மாலை கட்டும் வேலையிலிருந்தும் அவருக்கு விடுதலை. ஒரே குடும்பம் என்பதால் சாமந்தியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு வருஷத்தில் முகம் பெரும்பாலும் பழையபடி ஆனது. கறுப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை. மழைக்காலம் முடியும்போது கொஞ்சம் தலைகாட்டும்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பெரியவர் இருப்பார். முகம் மாறினால் பெயர் வைக்காதீர்கள். அரிக்கிறதா என்று கேளுங்கள்.

என்னிடம் அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஆபீஸ் போகும்போது பார்சல் அறையிலிருந்து எட்டிப் பார்த்து இப்போதும் கேட்பார், "சார், ஊர்ல மழையா?"